நடுவழியில் ரயில் நின்றால் யார் பணம் தருவார்கள்? பயணக் காப்பீடு: ஒரு பாடம்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. இரவு 8.25 மணிக்குத் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ் கிளம்பியது. வண்டியில் ஏறத்தாழ 800 பேர். முருகனைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், வயதானவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனைத் தாண்டி வண்டி போகவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவே தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.

அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் வழக்கமாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே அவ்வளவு கிடையாது. சாலைகளும் துண்டாகிவிட்டன. பயணிகளில் சுமார் 300 பேர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் ரயிலிலேயே இருந்தார்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்து ஜனங்கள், தங்கள் வீட்டில் தண்ணீர் நின்ற நேரத்திலும், சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டார்கள். 19-ஆம் தேதிதான் பேரிடர் மீட்புப் படை அவர்களை வெளியே அழைத்து வர முடிந்தது. வஞ்சி மணியாச்சி வரை பஸ், அங்கிருந்து சிறப்பு ரயில். சென்னை போய்ச் சேரும்போது டிசம்பர் 20 ஆகியிருந்தது.

உயிரோடு ஊர் சேர்ந்தோமே, அதுவே பெரிது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் வீட்டுக்கு வந்து மூச்சு விட்ட பிறகு கணக்கு வரும். போன சம்பள நாள், நனைந்த பெட்டி, வீணான அடுத்த டிக்கெட், வழியில் ஆன மருத்துவச் செலவு. இதையெல்லாம் யாரிடம் கேட்பது? "டிக்கெட் எடுக்கும்போது இன்சூரன்ஸ் டிக் பண்ணேனே, அதுல வராதா?" என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

45 பைசாவில் என்ன கிடைக்கும்?

ஐஆர்சிடிசி செயலியிலோ இணையதளத்திலோ முன்பதிவு செய்யும்போது பயணக் காப்பீடு வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். இந்தத் திட்டம் 2016 செப்டம்பரில் தொடங்கியது. 2023 வெள்ளத்தின்போது ஒரு பயணிக்கு 35 பைசா. இப்போது வரியோடு சேர்த்து 45 பைசா. ஒரு மிட்டாய்கூட அந்த விலைக்கு வாங்க முடியாது. கிடைக்கிற பாதுகாப்போ பெரியது. ரயில் விபத்தில் இறப்பு நேர்ந்தாலோ, நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். பகுதி ஊனத்துக்கு 7.5 லட்சம் வரை. காயத்துக்கு மருத்துவமனையில் சேர்ந்தால் 2 லட்சம் வரை. உடலை ஊருக்குக் கொண்டுவர 10,000 ரூபாய்.

இது "விபத்துக் காப்பீடு". ரயில்வே சட்டம் 1989 சொல்லும் ரயில் விபத்து, அசம்பாவிதம் ஆகியவற்றுக்கு மட்டும்தான் இது பொருந்தும். மோதல், தடம் புரளல், ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுவது போன்றவை இதில் அடங்கும். அதே 2023-இல் ஜூன் 2-ஆம் தேதி ஒடிசா பாலசோர் அருகே சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானதே, அதுபோன்ற நேரத்துக்கான திட்டம் இது. ஸ்ரீவைகுண்டத்தில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டவருக்கு, காயம் எதுவும் படாத வரைக்கும், இதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. தாமதம், ரத்து, ஹோட்டல் பணம், பெட்டி தொலைந்தது எதுவும் இதில் கிடையாது. ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சுவலி வந்தாலும் இதில் சேராது. அது நோய், விபத்து இல்லை.

ஆனால் ஒரு நல்ல விஷயம் அந்த விதிமுறைக்குள் இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. ரயில் பாதியில் நின்று, ரயில்வே வேறு வாகனம் ஏற்பாடு செய்து கூட்டிப் போனால், அந்த வாகனத்தில் போகும் தூரத்துக்கும் காப்பீடு தொடரும். மணியாச்சி வரை பஸ்ஸில் போன பயணத்துக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள்.

டிக் செய்ததோடு வேலை முடியவில்லை. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் வரும். அதில் உள்ள இணைப்பில் நாமினி பெயரைப் பதிய வேண்டும். பலர் அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். நாமினி இல்லாவிட்டால் பணம் போய்விடாது. ஆனால் குடும்பத்தார் வாரிசுச் சான்றிதழோடு அலைய வேண்டியிருக்கும். துக்க வீட்டில் அந்த அலைச்சல் தேவையா? கோரிக்கையை நான்கு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் குடும்பத்தில் இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள்.

முதலில் ரயில்வேயிடம் கேளுங்கள்

காப்பீட்டுக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. டிக்கெட் பணம் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டியது அல்ல, ரயில்வே தர வேண்டியது.

ரயிலையே ரத்து செய்துவிட்டால் இ-டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாகவே உங்கள் கணக்குக்கு வந்துவிடும். நீங்கள் கேன்சல் செய்யத் தேவையில்லை. அவசரப்பட்டு நீங்களே கேன்சல் செய்தால்தான் பிடித்தம் ஆகும். அதனால் மழைச் செய்தி பார்த்ததும் கேன்சல் பட்டனைத் தொடாமல், ரயில் ரத்தாகிறதா என்று 139-இல் கேட்டுக்கொண்டு பொறுத்திருங்கள். கவுன்டரில் எடுத்த டிக்கெட் என்றால் தானாக வராது. வண்டி கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் கவுன்டருக்குப் போய்க் கொடுக்க வேண்டும்.

நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்கள் போகப் போவதில்லை என்றாலும் முழுப் பணம் உண்டு. இதற்கு ஐஆர்சிடிசியில் டிடிஆர் என்ற கோரிக்கையைப் பதிய வேண்டும். வண்டி அந்த ஸ்டேஷனிலிருந்து கிளம்புவதற்கு முன்பே பதிய வேண்டும் என்பதுதான் முக்கியம். "நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றால் போச்சு.

நடுவழியில் நின்றால்? ரயில்வேயால் உங்களைக் கொண்டுசேர்க்க முடியவில்லை என்றால் முழுப் பயணத்துக்கான கட்டணமும் திரும்பும். மாற்று ஏற்பாடு செய்து, "வேண்டாம், நான் என் வழியில் போய்க்கொள்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், வந்த தூரத்துக்கான பணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். மாற்று ரயிலில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தீர்கள் என்றால், விதிப்படி பயணம் முடிந்தது. இரண்டு நாள் கஷ்டத்துக்கு அந்த விதியில் விலை இல்லை.

விமானத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து போக வேண்டிய விமானம் மழையால் ரத்தானால், பணத்தைத் திரும்பப் பெறலாம் அல்லது வேறு விமானம் கேட்கலாம். ஆனால் இயற்கைப் பேரிடரால் ரத்தானால் விமான நிறுவனம் தனியாக நஷ்டஈடு தர வேண்டியதில்லை. அதற்கு மேல் ஆகிற செலவு உங்கள் தலையில்தான்.

அரசின் வெள்ள நிவாரணம்? 2023-இல் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு ரேஷன் கார்டு அடிப்படையில் 6,000 ரூபாய் வழங்கப்பட்டது. அது அந்த ஊர்க்காரர்களின் வாழ்வாதாரத்துக்கான உதவி. சென்னை முகவரி ரேஷன் கார்டோடு சுற்றுலா வந்து மாட்டிக்கொண்டவர் அதில் வரமாட்டார். இந்த இடைவெளியை அடைக்கத்தான் பயணக் காப்பீடு என்று தனியாக ஒன்று விற்கிறார்கள்.

முழுப் பயணக் காப்பீடு எப்படி வேலை செய்கிறது?

ஒரு உதாரணம் பார்ப்போம். தொகைகள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக மட்டும். சென்னையில் ஒரு குடும்பம், நான்கு பேர். அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குத் திருச்செந்தூர், பிறகு கன்னியாகுமரி என்று திட்டம். ரயில் டிக்கெட் 2,400 ரூபாய். கன்னியாகுமரி ஹோட்டலுக்கு 6,000 ரூபாய் முன்பணம், திரும்பத் தராத புக்கிங். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே உள்நாட்டுப் பயணக் காப்பீடு எடுத்துவிட்டார்கள்.

கிளம்புகிற அன்றைக்கு வெள்ளத்தால் ரயில் ரத்து என்று வைத்துக்கொள்வோம். 2,400 ரயில்வேயிடமிருந்து வந்துவிடும். 6,000 ஹோட்டல் பணத்தை "பயண ரத்து" பிரிவில் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கலாம். ரயில்வே கொடுத்ததைக் காப்பீட்டு நிறுவனமும் கொடுக்காது. ஒரே நஷ்டத்துக்கு இரண்டு முறை பணம் இல்லை. பாலிசியில் "முதல் 1,000 ரூபாய் உங்கள் பொறுப்பு" என்று இருந்தால் அதைக் கழித்து 5,000 தருவார்கள்.

பயணம் தொடங்கித் திருச்செந்தூர் போன பிறகு மாட்டிக்கொண்டால் அது "பயணத் தடை". பயன்படுத்தாமல் போன ஹோட்டல் பணமும், ஊர் திரும்ப ஆகும் கூடுதல் கட்டணமும் இதில் வரும். "பயணத் தாமதம்" இன்னொரு பிரிவு. 6 மணி நேரம் அல்லது 12 மணி நேரம் என்று ஒரு எல்லை வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் குறிப்பிட்ட தொகை தருவார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றவர்களுக்கு மிகவும் உதவியிருக்கக்கூடிய பிரிவு இதுதான். பாலிசியை வாங்கும்போது இந்த மணி நேர எல்லையைத்தான் முதலில் தேடிப் பார்க்க வேண்டும். "10 லட்சம் கவர்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது விபத்து மரணத்துக்கு. தாமதத்துக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் கழித்து என்பது சின்ன எழுத்தில் இருக்கும்.

மூன்றாவது நிலை: ரயில் ஓடுகிறது, ஹோட்டல் திறந்திருக்கிறது, ஆனால் டிவியில் மழைச் செய்தி பார்த்துப் பயந்து இவர்களே போகவில்லை. பணம் வராது. மனம் மாறுவதையும் பயத்தையும் சாதாரண பாலிசிகள் ஏற்பதில்லை.

அதைவிட அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புயல் உருவாகிவிட்டது என்று வானிலை மையம் அறிவித்த பிறகு அவசர அவசரமாகப் பாலிசி எடுப்பது. ஏற்கெனவே தெரிந்துவிட்ட ஆபத்துக்குக் காப்பீடு கிடையாது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்த பிறகு நம் வீட்டுக்குத் தீ காப்பீடு கேட்பது மாதிரிதான் அது. டிக்கெட் எடுத்த அன்றைக்கே பாலிசியும் எடுத்துவிடுவது நல்லது.

நம் கடற்கரைக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். கந்த சஷ்டிக்கு லட்சக்கணக்கான பேர் திருச்செந்தூருக்கு வருவது ஐப்பசியில். ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரிக்கும் திருச்செந்தூருக்கும் வருவது கார்த்திகை, மார்கழியில். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை டிசம்பரில். வடகிழக்குப் பருவமழையும் சரியாக அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். நாம் கிளம்பும் சீசனும் மழையின் சீசனும் ஒன்றாகவே இருக்கிறது.

ஆபத்து வருவதற்கு முன்பே பங்கு கொடுத்து வைப்பது இந்தக் கரைக்குப் புதிதில்லை. முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் "கடல்கட்டி" என்று ஒருவர் இருப்பார். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதுவது அவர் வேலை. அவர் இல்லாமல் பலர் தண்ணீரில் இறங்கவே மாட்டார்கள். ஒவ்வொரு படகிலிருந்தும் சில சிப்பிகள் அவருக்குக் கூலி. மந்திரம் பலித்ததோ இல்லையோ, கூலி மட்டும் தினமும் கொடுத்தாக வேண்டும். பிரீமியமும் அப்படித்தான், பயணம் நல்லபடியாக முடிந்தால் அந்தப் பணம் திரும்ப வராது. ஒரே வித்தியாசம், இன்றைய கடல்கட்டி எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறார். அதனால் எழுதியிருப்பதைப் படித்துவிட வேண்டும்.

வேனில் போகிறவர்கள் கவனிக்க

குடும்பத்தோடு வேன் எடுத்தோ சொந்தக் காரிலோ வருகிறவர்கள்தான் நம்மிடம் நிறைய. பயணக் காப்பீட்டில் தாமதப் பிரிவு பெரும்பாலும் ரயில், விமானம் போன்ற பொதுப் போக்குவரத்துக்கு மட்டும். வேன் வெள்ளத்தில் நின்றால் அந்தப் பிரிவு உதவாது. அங்கே வண்டியின் காப்பீடுதான் பேசும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் இல்லை. முழுக் காப்பீடு இருக்க வேண்டும். முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டுப்போனால், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுக்காதவருக்கு அந்தச் செலவு கிடைப்பது கடினம். "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துருவோமே" என்று சாவியைத் திருகாதீர்கள். அப்படியே நிறுத்தி, போட்டோ எடுத்து, நிறுவனத்துக்குச் சொல்லி, இழுத்துப் போகும் வண்டியை வரவழையுங்கள்.

சாலை விபத்து என்றால் "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகள் அரசுச் செலவில். கார்டு தேடிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் குடும்பம், வேறு மாவட்டத்துக்குப் போகும்போதும் அட்டையைக் கையோடு கொண்டு போகலாம்.

இன்னொன்று, ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம். 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் வங்கிக் கணக்கு மூலம் சேரலாம். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய். வெள்ளம் போன்ற இயற்கைப் பேரிடர் மரணமும் இதில் அடங்கும். இதுபோன்ற விபத்துத் தொகைகள் செலவுக் கணக்கைப் பார்த்துத் தருவதில்லை. ஆகையால் ஒருவருக்கு மூன்று திட்டத்தில் பாதுகாப்பு இருந்தால் மூன்றிலிருந்தும் கிடைக்கும். ஹோட்டல் பணத்துக்குச் சொன்ன "இரண்டு முறை இல்லை" என்ற விதி இதற்குக் கிடையாது.

கடல் கடந்து போகிறவர்களுக்கு ஒரு வரி: உள்நாட்டுப் பாலிசி இலங்கையில் செல்லாது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டபோது நம் ஊரிலிருந்து கொழும்பு ஒரு ராத்திரிப் பயணம்தான். அந்த ஆண்டே அது நின்றும் போனது. தூரம் குறைவு என்றாலும் அது வெளிநாடு. அங்கே மருத்துவமனையில் சேர்ந்தால் நம் அரசு அட்டைகள் உதவாது. வெளிநாட்டுப் பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும் வாய்ப்பு அதிகம்.

போன் கையில் இருக்கிறதா?

கோரிக்கைக்கு வேண்டிய சாட்சி எல்லாம் உங்கள் போனிலேயே சேர்ந்துவிடும், சேர்க்கத் தெரிந்தால். ரயில் ரத்து, விமானம் ரத்து என்று வந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். ரயில் நிலவரம் காட்டும் பக்கத்தைத் தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நிற்கிற ஸ்டேஷனின் பெயர்ப்பலகையோடு ஒரு படம். வழியில் வாங்கிய மருந்து, சாப்பாடு, தங்கிய அறை எல்லாவற்றுக்கும் பில் கேளுங்கள்; மழையில் நனைவதற்கு முன் படம் பிடியுங்கள். பெட்டி தொலைந்தால் ரயில்வே போலீஸில் புகார் கொடுத்த ரசீது வேண்டும். பாலிசியை டிஜிலாக்கரில் வைக்கலாம். சிக்னல் இல்லாத இடத்துக்காகப் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும். சார்ஜ் குறைவாக இருந்தால் வீடியோ பார்ப்பதை நிறுத்திவிட்டு, பாலிசி எண்ணையும் இரண்டு தொலைபேசி எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட அவசர உதவி 1077, மாநிலம் 1070.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தகவல் கொடுக்க வேண்டும். அதற்காகக் கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடாதீர்கள். பேரிடர் நேரத்தில் மோசடிக்காரர்கள் போலி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருப்பார்கள். பாலிசித் தாளில் அச்சிட்டிருக்கும் எண்தான் சரியான எண். "பணம் அனுப்புறோம், ஓடிபி சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

டிக்கெட் செயலிகளில் நீங்கள் கேட்காமலே காப்பீட்டில் டிக் விழுந்திருந்தால் அதுவும் தவறு. உங்களுக்குத் தெரியாமல் கூடையில் பொருள் சேர்ப்பதை, 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் தடை செய்கிறது. 1915-இல் புகார் சொல்லலாம். வேண்டும் என்று நினைத்து நீங்களே டிக் செய்வது வேறு.

கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள் என்றால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் புகார் அனுப்புங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் "பீமா பரோசா" இணையதளத்திலும் பதியலாம், தொலைபேசி 155255. நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, புகாரை ஆன்லைனிலேயே கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். 5,000 ரூபாய் ஹோட்டல் பணத்துக்கான புகாரையும் அவர் எடுத்துக்கொள்வார்.